பிறர் குறிப்பும் தன் அடுப்பும்

நெல்லிக்காய் அளவு புளி. ஒரு கைப்பிடி துவரம் பருப்பு. கண் திட்டமாக உப்பு. பச்சை வாசனை போகும்வரை கொதிக்க வேண்டும். நம் வீடுகளில் சமையல் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு இப்படிச் சொல்லப்பட்டுத்தான் வந்திருக்கிறது. சொல்பவரும் கேட்பவரும் ஒரே அடுப்பின் முன் நிற்கும்வரை இதில் குறை ஒன்றும் இல்லை. ஐயம் எழுந்தால் மாமியார் புளியை உருட்டிக் கையில் வைத்துக் காட்டிவிடுவார். சொல்பவர் ஓர் ஊரிலும் கேட்பவர் வேறோர் ஊரிலும் இருக்க, இடையே அச்சடித்த தாள் மட்டும் இருக்கும்போதுதான் தொல்லை. அரைநெல்லியா, பெருநெல்லியா? யாருடைய கைப்பிடி?

அறிவியல் மாணவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. ஓர் ஆய்வைச் செய்தவர் அதன் முறையை எழுதி வெளியிட்டால், அவரை ஒருமுறையும் கண்டிராத இன்னொருவர் வேறு நாட்டில் அதைப் பின்பற்றி அதே முடிவைப் பெற முடியவேண்டும். முடியாவிட்டால், ஆய்வில் பிழை இருக்கவேண்டும். அல்லது எழுதியவர் எதையோ சொல்லாமல் விட்டிருக்கவேண்டும். சமையற் குறிப்பும் இத்தகைய செய்முறைதான். ஆயினும் அது இந்த நிலையை நெருங்கியது வெகு பிந்தித்தான். அந்த வரலாற்றில் முதலிடம் பெறத்தக்கவர், பிறரிடம் குறிப்புகளைக் கேட்டு வாங்கித் தம் வீட்டு அடுப்பில் செய்து பார்த்த ஓர் ஆங்கிலப் பெண்மணி. எலிசா ஆக்டன் என்பது அவர் பெயர்.

அவருக்கு முந்திய நிலையைச் சற்றுப் பார்ப்போம். இடைக்கால ஐரோப்பாவில் சமையலறையில் கடிகாரம் இல்லை. ஒரு குறிப்பிட்ட பிரார்த்தனையை இத்தனை முறை சொல்லி முடிக்கும் நேரம் வேகட்டும் என்று எழுதினார்கள். நேரத்தை அளக்க மூச்சையே ஊசலாகப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லலாம். வெண்ணெய்க்கு வாதுமைப் பருப்பைப் போன்ற வால்நட் கொட்டைதான் அளவு. நம் நெல்லிக்காய்க்கு அது ஒன்றுவிட்ட சகோதரம். 1747ஆம் ஆண்டில் லண்டனில் ஹன்னா கிளாஸ் என்பவர் வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலில், இந்திய முறையில் 'கறி' செய்வதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. மிளகை எண்ணிப் போடச் சொல்கிறார்: முப்பது. ஆனால் கொத்தமல்லி விதை 'கொஞ்சம்'. அதைச் சுத்தமான மண்வாரி ஒன்றில் வைத்து நெருப்பின்மேல் வறுக்க வேண்டுமாம்! ஒரு பொருளுக்கு எண்ணிக்கை, பக்கத்திலேயே இன்னொன்றுக்குக் 'கொஞ்சம்'. இவ்வகை நூல்களில் பெரும்பான்மையின் இயல்பு இதுதான். மேலும் அந்நூலில் உள்ள குறிப்புகளில் நூற்றுக்கணக்கானவை முந்திய நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குக் குறிப்புகள் போய்க்கொண்டே இருந்தன. இடையில் அவை அடுப்பைக் கண்டனவா என்பதைப் படிப்பவர் அறிய வழியில்லை.

எலிசா ஆக்டன் 1799இல் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் பிறந்தவர். இப்ஸ்விச் நகரில் வளர்ந்தார். சில காலம் பிரான்சில் இருந்தார். 1826இல் அவருடைய கவிதைத் தொகுதி வெளியாயிற்று. பிற்பாடு இன்னும் சில கவிதைகளை எடுத்துக்கொண்டு லாங்மன் என்னும் பதிப்பாளரிடம் அவர் சென்றதாகவும், 'கவிதைக்கு இப்போது கிராக்கி இல்லை. நல்ல சமையல் நூல் ஒன்று எழுதித் தாருங்கள்' என்று அவர் திருப்பி அனுப்பியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், நூல் வந்தது. கெண்ட் மாவட்டத்தின் டன்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் தாயாருடன் வாழ்ந்துகொண்டு, ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்து அவர் எழுதிய 'தற்காலச் சமையல்' என்னும் நூல் 1845இல் வெளிவந்தது. அதே நூலில் பின்னர் 'பதிப்பாளர் புட்டிங்', 'ஏழை எழுத்தாளர் புட்டிங்' என்று இரண்டு பண்டங்கள் இடம்பெற்றன. முன்னதில் நெய்ப்பும் கொட்டை பருப்பும் எவ்வளவு சேர்த்தாலும் தகும் என்கிறார். பின்னது பாலும் ரொட்டியுமாக எளியது. எழுத்தாளர்கள் இதைப் படித்துச் சிரித்திருப்பார்கள். பதிப்பாளர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ!

பத்தாண்டுகள் ஏன் பிடித்தன? குறிப்புகள் பலவும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்புகள் அல்ல. நண்பர்களும் உறவினரும் தந்தவை, கடிதத்தில் வந்தவை, பிரான்சில் கண்டவை என்று பல வழிகளில் சேர்ந்தவை. பெரும்பாலானவற்றைத் தம் கூரையின்கீழ், தம் நேர்ப் பார்வையில் செய்து பார்த்த பின்னரே சேர்த்ததாக முன்னுரையில் அவர் உறுதி கூறுகிறார். செய்து பார்த்ததை எழுதிய முறைதான் புதுமை. முதலில் செய்முறையைத் தொடர்ச்சியாக விவரிக்கிறார். அது முடிந்ததும், தேவையான பொருள்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு, எத்தனை மணி அல்லது நிமிடம் வேகவேண்டும் என்பதைத் தனியே திரட்டிச் சிறிய எழுத்தில் தருகிறார். பல குறிப்புகளின் அடியில் 'கவனிப்பு' என்ற தலைப்பில் ஒரு பத்தி: இந்தப் பொருள் கிடைக்காவிட்டால் இன்னது சேர்க்கலாம், இவ்வளவு இனிப்பு சிலருக்கு மிகுதி, இப்படிச் செய்தால் கெட்டுப்போகும் என்பன போன்ற செய்திகள் அதில் இருக்கும். கல்லூரி ஆய்வகப் பதிவேட்டைப் புரட்டியவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானது: தேவையான பொருள்கள், செய்முறை, அளவீடுகள், எச்சரிக்கைகள். சமையல் நூலில் இது எங்கும் வழக்கமாகாத காலம் அது.

இந்த அளவுகளுக்குப் பொருள் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்வரை இங்கிலாந்தில் திராட்சை மதுவுக்கு ஒரு காலன், பீருக்கு வேறொரு காலன் என்று இருந்தது. 1824ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை ஒழித்து, குறிப்பிட்ட வெப்பநிலையில் பத்து பவுண்டு எடையுள்ள நீர் கொள்ளும் இடமே ஒரு காலன் என்று வரையறுத்தது. அதன் எட்டில் ஒரு பங்கு ஒரு பைண்ட். ஆகவே ஆக்டன் 'ஒரு பைண்ட் பால்' என்று எழுதினால் லண்டனிலும் எடின்பரோவிலும் அது ஒரே அளவுதான். ஆனால் கடலைத் தாண்டினால் கதை வேறு. அமெரிக்கர்கள் பழைய மதுக் காலனையே வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயரின் பைண்ட் இன்றைய கணக்கில் 568 மில்லிலிட்டர், அமெரிக்கருடையது 473. 1845இலேயே ஃபிலடெல்ஃபியாவில் சாரா ஹேல் என்னும் அம்மையார் அமெரிக்க இல்லத்தரசிகளுக்கு ஏற்றவாறு திருத்தி இந்நூலை வெளியிட்டார். அங்கே ஆங்கிலப் பைண்டை அப்படியே நம்பிப் பால் ஊற்றினால் ஆறில் ஒரு பங்கு குறைந்துபோகும். பெயர் ஒன்று, அளவு வேறு. இதைவிடப் பொல்லாத பிழை அளவியலில் இல்லை; ஏனெனில் கண்ணுக்கே தெரியாது.

பொருள்களின் சிக்கல் இன்னும் சுவையானது. ஆக்டன் நூலில் கறிகளுக்கென்று ஓர் இயல் இருக்கிறது. அதில் அர்னாட் என்பவர் கொடுத்த கறிப்பொடிக் குறிப்பு காணப்படுகிறது: மஞ்சள் 8 அவுன்ஸ், கொத்தமல்லி விதை 4 அவுன்ஸ், சீரகம் 2 அவுன்ஸ், வெந்தயம் 2 அவுன்ஸ், மிளகாய்த்தூள் அரை அவுன்ஸ். நம் பாட்டிமார் இதைக் கேட்டால் சிரிப்பை அடக்கமாட்டார்கள். மல்லியைப்போல் இரு மடங்கு மஞ்சள்! இந்தப் பொடியைக் கொண்டு செய்யும் கறியில் முட்டைக்கோசின் நடுப்பகுதியும் ஆப்பிள் துண்டுகளும் எலுமிச்சைச் சாறும் சேர்கின்றன. இது ஒரு கேலிக்கூத்து என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அதே இயலின் தொடக்கத்தில் ஆக்டன் தம் கருத்தாக எழுதியிருப்பதைப் படித்தால் அவர்மீது மதிப்புப் பிறக்கும். கீழை நாட்டுக் கறிகளின் சிறப்புக்கு அங்கே பச்சையாகக் கிடைக்கும் பொருள்கள் காரணம். அவை நம் கைக்கு எட்டுவதில்லை என்கிறார். இங்கிலாந்தில் மஞ்சளும் மிளகாயும் அளவுக்கு மேல் போடப்படுகின்றன. மஞ்சளை வாரியிறைப்பது சுவையையும் நிறத்தையும் கெடுக்கும் என்று எச்சரிக்கிறார். தேங்காய்த் துருவலைக் குழம்பில் சேர்த்து ஒரு மணி நேரம் வேகவிட்டால் சுவை கூடும் என்றும், புளி கிடைத்தால் நல்லது என்றும் யோசனை கூறுகிறார்.

அப்படியானால் மஞ்சள் மிகுந்த அர்னாட் பொடியை ஏன் சேர்த்தார்? அது பிறர் குறிப்பு. கொடுத்தவர் பெயரோடு, அவர் கொடுத்த அளவிலேயே அச்சிட்டிருக்கிறார். தம் கருத்தைத் தனியே சொல்லியிருக்கிறார். பிறர் குறிப்பைத் தம் விருப்பப்படி மாற்றிவிட்டு, அவர் பெயரையே ஒட்டிவிடவில்லை. இந்தக் கட்டுப்பாடு எளிதன்று. குறிப்பும் திருத்தமும் தனித்தனியாக இருந்தால்தான், பலன் மாறும்போது மாறியது எதனால் என்று பின்னால் வருபவர் கண்டுகொள்ள முடியும்.

இவ்வளவு துல்லியமாக எழுதியும் தாளில் ஏறாத சில இருக்கின்றன. முதலாவது நெருப்பு. ஆக்டன் காலத்து ஓவனில், அதாவது மூடிய வெதுப்படுப்பில், வெப்பமானி கிடையாது. 'மிதமான அடுப்பு', 'வேகமான அடுப்பு' என்றுதான் எழுத முடிந்தது. அனுபவமுள்ளவர்கள் மாவையோ காகிதத்தையோ உள்ளே வைத்து எவ்வளவு விரைவில் பழுக்கிறது என்று பார்த்து முடிவு செய்தார்கள். இங்கிலாந்தில் வெப்பநிலையைத் தானே காத்துக்கொள்ளும் காஸ் அடுப்புகள் வீடுகளுக்கு வந்தது 1920களில்தான்.

இரண்டாவது, அளவைப் பெருக்குவது. குறிப்பு நாலு பேருக்கு. விருந்துக்கு எட்டுப் பேர். பொருள்களை இரட்டித்துவிடலாம். நேரத்தை? துணியில் உருண்டையாகக் கட்டிக் கொதிநீரில் வேகவைக்கும் புட்டிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெப்பம் வெளியிலிருந்து மையத்துக்குப் பரவ ஆகும் நேரம் உருண்டையின் விட்டத்தைப் பொறுத்ததன்று, விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. ஆனால் எடையோ எட்டு மடங்காகிவிடும். இதைத் திருப்பிக் கணக்கிட்டால், எடையை இரட்டிக்கும்போது நேரம் ஏறத்தாழ 1.6 மடங்கே ஆகவேண்டும் என்று வரும். 2 பவுண்டு உருண்டைக்கு 2 மணி எனில், 4 பவுண்டு உருண்டைக்கு 3 மணி 10 நிமிடம் போதும்; 4 மணி வேண்டியதில்லை. அதே மாவைத் தட்டையான தட்டில் அதே கனத்துக்குப் பரப்பினால், தட்டு எவ்வளவு அகலமானாலும் நேரம் மாறாது. நம் இட்லிக் கொப்பரையில் ஆவி தாராளமாக இருக்கும்வரை ஒரு தட்டுக்கும் நான்கு தட்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆவது இதனால்தான்.

மூன்றாவதை யாரும் எழுத நினைக்கவே மாட்டார்கள்: காற்று. ஆக்டன் டன்பிரிட்ஜில் சமைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1835 மார்ச்சு மாதம், சார்லஸ் டார்வின் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரைக் கடந்துகொண்டிருந்தார். இரவில் உருளைக்கிழங்கைப் பானையில் போட்டு அடுப்பில் வைத்தார்கள். இரவு முழுவதும் அடுப்பிலேயே இருந்தது. காலையில் மறுபடியும் கொதிக்கவைத்தார்கள். கிழங்கு வேகவில்லை. உடன் வந்தவர்கள் இருவரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பானை புதிது, அதற்கு உருளைக்கிழங்கை வேகவைக்க விருப்பமில்லை! டார்வினுக்குக் காரணம் தெரியும். உயரத்தில் வளிமண்டல அழுத்தம் குறைவு. நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடுகிறது. தளதளவென்று கொதிப்பதைக் கண்டு ஏமாறக்கூடாது; கிழங்கின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் இளகும் வேகம், சில டிகிரி குறைந்தாலே வெகுவாகக் குறைந்துவிடும். சுமார் 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் நீர் 92, 93 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கிறது. 'கொதி வந்தபின் இத்தனை நிமிடம்' என்று கடற்கரை ஊரில் எழுதிய குறிப்பு அங்கே பலிக்காது. பிரஷர் குக்கர் ஏறியவுடன் மலையூர்ச் சமையலறைகளில் இந்தத் தொல்லை பெரிதும் தீர்ந்தது.

ஆக்டன் நூல் நன்றாக விற்றது. நன்றாக விற்கும் சமையல் நூலுக்கு நேர்வது அதற்கும் நேர்ந்தது. 1855இல் விரிவான புதிய பதிப்பை வெளியிட்டபோது, பல குறிப்புகளின் தலைப்பில் 'ஆசிரியரின் சொந்தக் குறிப்பு' என்று அச்சிட்டார். தற்பெருமை என்று தோன்றலாம். ஆனால் சமகால எழுத்தாளர் சிலர் தம் நூலின் பெரும்பகுதிகளை மூலத்தைச் சொல்லாமலே எடுத்தாண்டுவிட்டதால் தற்காப்புக்காக இவ்வாறு செய்ய நேர்ந்தது என்று முன்னுரையில் மனம் நொந்து எழுதினார். 1859இல் அவர் காலமானார்.

மிகப் பெரிய எடுத்தாளல் அதன் பிறகே நிகழ்ந்தது. இசபெல்லா பீட்டன் என்னும் இளம் பெண்மணி, பதிப்பாளரான தம் கணவரின் மாதர் இதழில் சமையல் பகுதியை எழுதிவந்தார். தொடக்கத்தில் அவர் வெளியிட்ட கேக் குறிப்பொன்றில் முட்டையையே விட்டுவிட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். வாசகியரிடம் குறிப்புகள் கேட்டு வாங்கியும், முந்திய நூல்களிலிருந்து எடுத்தும் அவர் தொகுத்த 'இல்லற நிர்வாக நூல்' 1861இல் வெளிவந்து முதல் ஆண்டிலேயே 60,000 படிகள் விற்றது. அதில் ஆக்டனின் குறிப்புகள் பல, பெயரின்றி இடம்பெற்றிருக்கின்றன. பெரிய காரட்டுகளை இரண்டு மணி நேரத்துக்கு மேலும் வேகவைக்கச் சொல்லும் நூல் அது. ஆயினும் பீட்டன் செய்த ஒரு நன்மையை மறைக்கக்கூடாது. ஆக்டன் அடியில் வைத்த பொருள் பட்டியலை அவர் தலைப்புக்குக் கீழே, முதலிலேயே வைத்தார். எத்தனை பேருக்குப் போதும், என்ன செலவாகும் என்பதையும் சேர்த்தார். இன்றைய குறிப்புகளெல்லாம் இந்த வடிவத்தையே பின்பற்றுகின்றன. வடிவம் ஒருவருடையது, அதற்குள் இருந்த உழைப்பு இன்னொருவருடையது. பெயர் பெற்றது வடிவந்தான். இருபத்தெட்டு வயதில் இறந்துபோன பீட்டனை இதற்காகக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. என்றாலும் கணக்கு கணக்குத்தான்.

1855 பதிப்பில் இன்னொரு மாற்றமும் உண்டு. ஜெர்மானிய வேதியியலறிஞர் யூஸ்டுஸ் ஃபான் லீபிக் 1847இல் இறைச்சியின் வேதியியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய கோட்பாடுகளை இயன்றவரை புகுத்தியிருப்பதாக ஆக்டன் தம் நூலின் முகப்பிலேயே அறிவித்தார். இறைச்சியை முதலில் கொதிநீரிலோ கடும் வெப்பத்திலோ இட்டால் மேற்பரப்பிலுள்ள புரதம் இறுகி ஓடுபோல் ஆகும். உள்ளிருக்கும் சாறு வெளியேறாது என்பது லீபிக்கின் கருத்து. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையன்று. வறுப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால், முதலில் கடும் சூடு காட்டிய துண்டும் மற்றதைப் போலவே, சில வேளை அதைவிட மிகுதியாகவே எடை இழந்திருப்பது தெரியும். தராசுகூட வேண்டாம். வாணலியில் தொடர்ந்து கேட்கும் 'சொய்' ஓசை என்ன? சாற்றிலுள்ள நீர் வெளிவந்து சூடான எண்ணெயில் ஆவியாகும் ஓசைதான். ஓடு சாற்றை அடைத்துவிட்டால் வாணலி வாய் மூடியிருக்க வேண்டுமே! வறுத்த மேற்பரப்பு சுவையாக இருப்பது வேறு காரணத்தால். அங்கே சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து மணப்பொருள்களைத் தருகின்றன. யாரோ ஒரு நண்பர் கொடுத்த புட்டிங் குறிப்பை அடுப்பில் ஏற்றிச் சோதித்த கை, பேரறிஞர் கொடுத்த கோட்பாட்டைத் தராசில் ஏற்றிச் சோதிக்கவில்லை. அவரைத் தனியே குறை சொல்வதற்கில்லை. உலகத்துச் சமையல் நூல்கள் நெடுங்காலம் அதையே திருப்பிச் சொல்லிவந்தன.

அமெரிக்காவில் 1896இல் பாஸ்டன் சமையற்பள்ளியின் தலைவியாயிருந்த ஃபேனி ஃபார்மர் மற்றொரு படி ஏறினார். கரண்டியையும் கோப்பையையும் கத்தி முதுகால் வழித்துச் சமன் செய்தே அளக்கவேண்டும் என்றார். பதிப்பாளருக்கு நம்பிக்கையில்லாததால் முதல் 3000 படிகளை அவரே தம் செலவில் அச்சிட நேர்ந்தது. ஆனால் மாவு நீர்போன்றதன்று. தளரப் போட்ட கோப்பை மாவு 120 கிராம் வரலாம். அழுத்திப் போட்டால் 150 கூட வரலாம். வழித்து அளப்பதால் கும்பாரத்தின் பிழை போகும்; அடர்த்தியின் பிழை போகாது.

நம் நாட்டில் மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட நூலுக்கு 'சமைத்துப் பார்' என்று பெயர் வைத்தார். ஓர் ஆய்வுக் கையேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு எனக்குத் தோன்றவில்லை. அந்நாளில் வீடுகளில் புழங்கியவை படியும் ஆழாக்கும் பலமும். 1956இல் மெட்ரிக் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் படிப்படியாகக் கடைகளுக்கு வந்தது. 1960களில் பழைய அளவைகள் கடைத்தெருவை விட்டு மறைந்தன. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது எங்கும் ஒன்றே. ஆனால் பட்டணம் படி பெரிது, மற்ற இடத்துப் படி சிறிது. பழைய குறிப்பை எடுத்துவைத்துக்கொண்டு எந்த ஊர் ஆழாக்கு என்று தெரியாமல் திகைப்பவர்கள் இன்றும் உண்டு.

இங்கே நம் மரபில் ஒரு வசதி இருப்பதைக் கவனிக்கவேண்டும். இட்லிக்கு அரிசியும் உளுந்தும் நாலுக்கு ஒன்று என்கிறோம். இது அளவன்று, விகிதம். ஆழாக்கால் அளந்தாலும் தேநீர்க் குவளையால் அளந்தாலும் விகிதம் மாறாது. அளவை ஒழிந்தாலும் குறிப்பு பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஒரே குறிப்பில் அரிசி ஆழாக்கிலும் வெல்லம் பலத்திலும் வந்துவிட்டால் இந்த வசதி போய்விடும். பலம் எடை; ஏறத்தாழ 35 கிராம். ஆழாக்கோ கொள்ளளவு. எந்த ஆழாக்கு என்று தெரிந்தாலொழிய இரண்டையும் சேர்த்துவைக்க முடியாது.

வீட்டுப் பரணில் பழைய பித்தளை ஆழாக்கு கிடந்தால் எடுத்துத் துலக்குங்கள். வெறுமையாக ஒருமுறையும், விளிம்பு மட்டம் நீர் ஊற்றி ஒருமுறையும் நிறுத்துப் பாருங்கள். வேறுபாடு எத்தனை கிராமோ, அத்தனை மில்லிலிட்டர் உங்கள் வீட்டு ஆழாக்கு. அந்த எண்ணைச் சமையல் நூலின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்துவிடலாம்.